பூட்டுவதா, வாங்குவதா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டதென்றால், அந்தச் செய்தி அவ்வீட்டுப் படலையோடு நின்றுவிடுவதில்லை. ஒழுங்கை முழுவதும் அது பரவும். கோயில் வீதியிலும் சந்தையிலும் அதுவே பேச்சாயிருக்கும். முன்னொரு காலத்திலே அப்பிள்ளைக்கு வேண்டியவை ஒரு தகரப் பெட்டியும், நான்கு உடுப்புகளும், ஒரு சைக்கிளும் மாத்திரமே. இன்று அவற்றோடு கணினி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அது எத்தகைய கணினியாயிருக்க வேண்டும் என்ற கேள்வி எழும்போதோ, உறவினர் அனைவரும் ஒரே நாளில் அறிஞராகி விடுகின்றனர்.

என் தங்கையின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணினி விஞ்ஞானம் பயிலத் தெரிவானாள். தங்கை கோப்பாயிலே வசிக்கிறாள். கணவனை இழந்த பின்னர், ஒரு தையல் இயந்திரத்தின் துணைகொண்டே இரு பிள்ளைகளையும் வளர்த்து வருபவள். மகளின் கணினிக்கென்று அவள் சீட்டுக் கட்டி வந்தாள். சீட்டு முடியும்வரை காத்திருந்தால் படிப்புத் தொடங்கிவிடும் என்பதனால், கழிவு கொடுத்து முன்னதாகவே அதனை எடுத்துவிட்டாள். கையில் வந்தது ஒன்றரை இலட்சம் ரூபா. அதனை என் முன்னே வைத்து அவள் சொன்னாள்:

"அண்ணை, இரண்டு பிள்ளையளுக்கும் இது ஒண்டுதான். இன்னும் நாலைஞ்சு வருஷத்துக்கு வேறை ஒண்டு வாங்க என்னாலை ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசிப்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாகங்களைத் தனித்தனியே வாங்கி மேசைக் கணினி ஒன்றைப் பூட்டிக்கொள்வது. மற்றையது, உள்ளங்கை இரண்டினுள் அடங்கும் 'மினி பிசி' ஒன்றை ஆயத்தமாகவே வாங்கிவிடுவது. மடிக்கணினி பற்றியும் பேச்சு வந்தது. ஆனால் அது மகளோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்கு வீட்டிலே எஞ்சுவது வெறும் மேசைதான். பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் உண்டு. வீட்டில் இருவரும் மாறி மாறிப் பயன்படுத்தக்கூடிய ஒன்றே தேவை என்று தங்கை தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

பூட்டுதல் என்பது எம்மவர்க்குப் புதிய கலையன்று. சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரியாத இளைஞனை முன்பெல்லாம் யாழ்ப்பாணத்திற் காண்பது அரிது. ஒரு கடையில் 'பிறேம்', இன்னொரு கடையிற் சில்லு, வேறொருவர் வீட்டிலே கிடந்த 'ஹான்டில்' என்று சேர்த்து முழுச் சைக்கிளாக்கிவிடுவார்கள். 1990ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோய், பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருளான காலத்திலே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்திலே வானொலிச் செய்தி கேட்டோம். பெற்றோல் இல்லாத நாட்களில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராத ஊரிலே அக்கார்கள் நெடுங்காலம் உயிர்வாழ்ந்தமைக்குக் காரணம், அவற்றின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றித் திருத்த முடிந்தமையே. ஆதலால், கழற்ற முடியாத பொருளைக் கண்டால் எங்கள் தலைமுறைக்கு இயல்பாகவே ஓர் ஐயம் உண்டாகிறது. எனினும் பழக்கத்தினால் வந்த விருப்பத்தை நியாயம் என்று கொள்ளலாகாது அல்லவா? ஆகவே இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டியதாயிற்று.

மேசைக் கணினியைப் பூட்டிக்கொள்ளும் வழி எவ்வாறு உண்டாயிற்று என்பதை முதலில் அறிதல் நன்று. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். கொம்பனி தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் முக்கிய உறுப்புகளைத் தானே செய்யாமல் பிறரிடமிருந்து வாங்கிச் சேர்த்தது. புரொசசர் இன்ரெல் கொம்பனியினுடையது. இயங்குதளம் மைக்ரோசொப்ற் கொம்பனியினுடையது. ஐ.பி.எம். வாங்கிய பாகங்களைப் பிறரும் வாங்கலாம் என்பதனால், அதேபோன்ற கணினிகளைப் பலர் செய்யத் தொடங்கினர். 1995இல் இன்ரெல் வகுத்த 'ஏ.ரி.எக்ஸ்.' என்னும் அளவுத்திட்டம், தாய்ப்பலகையில் ஆணித்துளைகள் எங்கெங்கே இருக்கவேண்டும், வலு வழங்கியின் அளவு என்ன என்பனவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்திற்று. ஆகவேதான் ஒருவர் செய்த பெட்டிக்குள் இன்னொருவர் செய்த தாய்ப்பலகை இன்றும் பொருந்துகிறது.

மினி பிசியின் வரலாறு இதனினும் இளையது. 2005ஆம் ஆண்டிலேயே அப்பிள் கொம்பனி 'மக் மினி' என்ற சிறு கணினியை வெளியிட்டதாயினும், இவ்வகையைப் பலரும் அறியச் செய்தது, 2013இல் விற்பனைக்கு வந்த இன்ரெல்லின் 'நக்' என்னும் சிறு பெட்டியே. அதன் தாய்ப்பலகை நான்கு அங்குலச் சதுரம். 2023 யூலையில் இன்ரெல் அத்துறையிலிருந்து விலகிக்கொள்ள, ஏசுஸ் கொம்பனி அதனைப் பொறுப்பேற்றது. அதற்குள் வேறு பல கொம்பனிகளும் இவற்றைச் செய்யத் தொடங்கிவிட்டன. இவற்றினுள்ளே இருப்பன பெரும்பாலும் மடிக்கணினிக்கென அமைந்த புரொசசர்கள். 2023இல் வந்த இன்ரெல் 'என் 100' என்பதன் வலு அளவு 6 வாற்று மாத்திரமே. எழுதுவதற்கும், படிப்பதற்கும், காணொளி பார்ப்பதற்கும், ஆரம்ப நிலை நிரலாக்கத்துக்கும் அதுவே போதுமானது.

கனடாவிலுள்ள எங்கள் மூத்த அண்ணர் தொலைபேசியில் வந்தார். "தம்பி, உந்தப் பூட்டுற வேலையெல்லாம் விடும். இஞ்சை நல்ல மினி பிசி மலிவாக் கிடக்கு. நான் வாங்கி அனுப்புறன்" என்றார். அன்பினாலே சொன்ன வார்த்தை அது. மின்சார வேறுபாடு தடையாயிராது. அவற்றின் 'அடப்ரர்' பெரும்பாலும் 100 முதல் 240 வோற்று வரை ஏற்கும். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே செல்லும். இங்கே பழுதுபட்டால் அதனைத் திரும்பவும் கனடாவுக்கு அனுப்பும் செலவு யாருடையது? இதனைக் கேட்டபோது அண்ணர் சிறிது மௌனமானார்.

மருமகனுக்கோ வேறு கவலை. "மாமா, கிராபிக்ஸ் அட்டை ஒண்டும் போடுவமே?" என்று அவன் கேட்டபோது, அவ்வட்டை பாடத்துக்கோ விளையாட்டுக்கோ என்பது என் தங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தத் தீர்மானம் அந்தக் கணத்திலேயே தோல்வியுற்றது.

அடுத்தது மின்சாரம். 2022ஆம் ஆண்டை இந்நாட்டில் யார் மறப்பர்? மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. டொலரின் விலை 200 ரூபாவளவிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ரூபாவையும் தாண்டியது. அந்நாட்களிலே பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் படித்ததைத் தங்கை மறக்கவில்லை. அத்தகைய காலம் திரும்பாதென்று யாரும் உறுதி கூற முடியாது. எனவே மருமகளும் நானும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பார்த்தோம்.

மேசைக் கணினியின் வலு வழங்கியிலே '450 வாற்று' என்று எழுதியிருக்கும். அதனைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். அந்த எண், வழங்கக்கூடிய உச்ச அளவேயன்றி, எந்நேரமும் செலவாகும் அளவன்று. கிராபிக்ஸ் அட்டை இல்லாத ஒரு சாதாரண மேசைக் கணினி, எழுத்து வேலையின்போது 40 அல்லது 50 வாற்று அளவே எடுக்கும். மினி பிசி அதே வேலைக்கு 10 முதல் 15 வாற்று வரை எடுக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்குவதாகக் கொண்டால், 45 வாற்று எடுக்கும் கணினிக்கு மாதம் ஏறத்தாழ 11 அலகும், 12 வாற்று எடுப்பதற்கு 3 அலகும் செலவாகும். வேறுபாடு மாதம் 8 அலகு. ஆண்டொன்றுக்கு 100 அலகுக்குச் சற்றுக் குறைவு. நமது மின்கட்டணம் அலகுகள் கூடக்கூடப் படிப்படியாக உயர்வதாதலால், 8 அலகு ஒரு வீட்டை மேற்படியில் ஏற்றிவிடவுங் கூடும். இது சிறிய தொகையே. ஆனால் தையற்கூலியிலே வாழும் வீட்டில் சிறிய தொகை என்று ஒன்றில்லை.

மின்வெட்டு நேரத்தில் வேறுபாடு இன்னும் தெளிவாகும். கடைகளில் விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். பலவற்றினுள்ளே 12 வோற்று, 7 அம்பியர் மணி கொண்ட ஒரு பற்றரி இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 84 வாற்று மணி. மாற்றத்தில் இழப்பதையும், பற்றரியை முற்றாக வற்றவிடக் கூடாமையையும் கழித்தால், கைக்கு வருவது 50 வாற்று மணியளவே. திரைக்கு 20 வாற்று சேர்த்தால், மேசைக் கணினி முக்கால் மணி நேரத்துக்குள் நின்றுவிடும். மினி பிசியோ ஒன்றரை மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கலாம். பற்றரி பழையதாக ஆக இரண்டும் குறையும். இந்த வகையிலே மினி பிசிதான் வென்றது என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும்.

திருத்த வேலை என்று வந்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. வலிகாமத்துச் செம்மண் புழுதி எல்லோரும் அறிந்ததே. சித்திரை வைகாசி வெயிலில், கூரைத் தகட்டின் கீழ் இருக்கும் அறையில், சிறிய பெட்டிக்குள் இருக்கும் சிறிய விசிறி புழுதியால் அடைபட்டால், புரொசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசைக் கணினியின் பெரிய பெட்டியைத் திறந்து ஒரு தூரிகையாற் தட்டிவிடலாம். அன்றியும், மேசைக் கணினியில் வலு வழங்கி பழுதானால் அதனை மாத்திரம் மாற்றலாம். மினி பிசியில் அடப்ரர் பழுதானால் புதியது வாங்கலாம். நினைவகமும் சேமிப்பகமும் பலவற்றிலே மாற்றக்கூடியனவாகவே உள்ளன. ஆனால் புரொசசர் தாய்ப்பலகையோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்டது. பலகை போனால் எல்லாம் போயிற்று. எமது அயலவர் ஒருவரின் மினி பிசிக்கு இவ்வாறு நேர்ந்தபோது, அதனைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சென்ற அப்பெட்டி, பலகைக்கு மாற்று இல்லை என்ற பதிலோடு திரும்பிவந்தது.

பாவித்த கணினி வாங்கினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு கணினிகள் இங்கே விற்பனைக்கு வருவது உண்மையே. அவற்றுட் பல நன்றாக உழைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ, இன்ரெல் புரொசசராயின் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது மைக்ரோசொப்ற் விதி. அதனிலும் பழையதை வாங்குவோர் லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சித்தமாயிருத்தல் வேண்டும். இதனை அறியாது மலிவென்று வாங்குவோர் பலர்.

இவ்வளவு கணக்கும் பார்த்த பின்னரும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கணினியைப் பூட்டத் தெரிந்தவரெல்லாம் கணினி விஞ்ஞானி ஆகிவிடார். நிரல் எழுதும் கலைக்குப் பெட்டி பெரிதாயிருந்தாலென்ன, சிறிதாயிருந்தாலென்ன? படிப்பை முன்னிட்டுப் பூட்டவேண்டும் என்று வாதிப்பது பொருந்தாது. இதனை மருமகளிடமே சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அது சரிதான் மாமா. பாடத்துக்கு இரண்டும் ஒண்டுதான். ஆனால் அம்மான்ரை மெசினை ஆர் திருத்துறது? அம்மாதானே. எண்ணெய் விடுறதும், பெல்ற் மாத்துறதும் அவதான். அதாலைதான் அது இண்டைக்கும் ஓடுது. எங்கடை வீட்டிலை ஒரு சாமான் பழுதானால், அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆள் வீட்டுக்குள்ளை இருக்கோணும். நான் அந்த ஆளா இருக்க விரும்புறன்" என்றாள்.

தங்கை தையலை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பணத்தை எடுத்து மகளின் கையிலே கொடுத்தாள். ஒன்றரை இலட்சம் ரூபாவின் பொறுப்பு, அந்த நேரத்தில் எங்கள் கையிலிருந்து அந்தப் பிள்ளையின் கைக்கு மாறிற்று. இத்தனை நாளும் 'பிள்ளைக்கு என்ன வாங்குவது' என்று பேசிய நாங்கள், பிள்ளை என்ன நினைக்கிறாள் என்று கடைசியாகத்தான் கேட்டோம் என்பது அப்பொழுதுதான் புலனாயிற்று.

அதன் பின்னர் எல்லாம் அவளுடைய ஆட்சி. பாடநூல் 'முறைவழியாக்கி' என்றும் கடைக்காரத் தம்பி 'புரொசசர்' என்றும் சொல்லும் உறுப்பிலே, கிராபிக்ஸ் வேலையையும் தானே செய்யவல்ல ஒன்றை அவள் தெரிந்தாள். அது 2016இல் ஏ.எம்.டி. கொம்பனி கொண்டுவந்த 'ஏ.எம். 4' என்ற பொருத்துவாய்க்கு உரியது. அப்பொருத்துவாய்க்கு 2022ஆம் ஆண்டிலும் புதிய புரொசசர்கள் வந்தன. ஆகவே பலகையை மாற்றாமலே பின்னர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருந்தமையால், 8 ஜிகாபைற் தகடு ஒன்றை மாத்திரம் வாங்கி, மற்றைய இடத்தை வெறுமையாக விட்டாள். திரை, உறவினர் ஒருவர் பாவித்துக் கழித்தது. மிச்சம் பிடித்த பணத்திலே ஒரு யு.பி.எஸ். வந்தது.

பாகங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையிலே வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. பூட்டும் வேலை இரண்டரை மணி நேரம் எடுத்தது. புரொசசரை வைக்கும்போது மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறிகள் இரண்டும் பொருந்துகின்றனவா என்று மும்முறை பார்த்தாள். கையிலுள்ள நிலைமின்னைப் போக்க, அடிக்கடி பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டாள். தம்பி திருகாணிகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தான். விளையாட்டு அட்டை கிடைக்காத துயரம் அன்றோடு தீர்ந்தது போலும். முதன்முறை பொத்தானை அழுத்தியபோது திரை இருண்டே கிடந்தது. எங்கள் எல்லோருடைய முகமும் இருண்டது. தங்கை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். மருமகளோ பதறாமல் மின்னைத் துண்டித்து, நினைவகத் தகட்டைக் கழற்றி, 'கிளிக்' என்ற சத்தம் கேட்குமளவுக்கு அழுத்திப் பூட்டினாள். மறுமுறை அழுத்தியதும் எழுத்துகள் தோன்றின. வலு அளவிடும் சிறு கருவியொன்றைச் சுவரிற் செருகிப் பார்த்தோம்: நிரல் எழுதும்போது 38 வாற்று.

இதனால் எல்லோரும் பூட்டவேண்டும் என்று நான் கூறுவதாக வாசகர் கொள்ளலாகாது. இரண்டு மாதங்களின் பின் என் பழைய கணினி ஓய்வெடுத்தபோது, நான் வாங்கியது மினி பிசியையே. கடிதம் எழுதுவதும், பத்திரிகை படிப்பதும், ஈழத்து நூல்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் 'நூலகம்' தளத்திலே பழைய ஏடுகளைத் தேடுவதுமே என் தொழில். கண்பார்வை குறைந்த என் கைக்கு நுண்ணிய திருகாணிகள் ஆகா. திரையின் பின்னே ஒளிந்துகொண்டு சத்தமில்லாமல் உழைக்கும் அச்சிறு பெட்டி எனக்கு முற்றும் போதும். வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டேன். நினைவகம் கழற்றக்கூடியதா? உத்தரவாதத்தை நிறைவேற்றுபவர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறாரா? அதே அடப்ரர் தனியாகக் கிடைக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற பதில் வந்த கடையிலேயே வாங்கினேன். விலை சற்றுக் கூடவாயிருந்தது.

இன்று கணினி வாங்க எண்ணும் குடும்பத்தார்க்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வேலை இலேசானதா, இடம் சிறிதா, மின்வெட்டு அடிக்கடி வருமா? சிறு கணினி நல்லது. பல ஆண்டுகள் உழைக்கவேண்டுமா, சிறுகச் சிறுகப் பெருக்கிக்கொள்ள வேண்டுமா, திறந்து பார்க்கும் துணிவுள்ள ஒருவர் வீட்டில் உண்டா? பூட்டுவது நல்லது. எதுவாயினும், யு.பி.எஸ். வாங்கும் பணத்தை முதலில் ஒதுக்கிவைத்து, எஞ்சியதற்கே கணினி பாருங்கள். வெளிநாட்டு உறவினரின் ஆலோசனையை நன்றியோடு கேளுங்கள். ஆனால் அடுத்த ஒழுங்கையிலே திருத்தக்கூடியவர் யார் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னதாக, அதன் முன்னே அமரப்போகும் பிள்ளையை அழைத்து அருகில் இருத்தி, அதன் எண்ணத்தை முதலிற் கேளுங்கள்.